சிரிச்சாச்சு

அந்தச் சத்தமா? ஒண்ணுமில்ல. பின்னால கொட்டகையில ஒருத்தி அழுறா. நீ தண்ணியைக் குடி.

உன் புருஷன் ஆளைக் கூட்டிட்டு வந்து வண்டியச் சரி பண்ணச் சாயங்காலம் ஆயிடும். ஸ்பார்ட்டாவுல தச்சன் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. எங்க ஆம்பளைங்க வாளைப் பிடிப்பாங்க, ரம்பத்தைப் பிடிக்க மாட்டாங்க. அதெல்லாம் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க பாக்குற வேலை. அட, எங்க உள்ள போற? இங்கயே வெளியில உட்காரு. எவன் பார்த்தா என்ன? கொரிந்துல பொம்பளைங்க வாசப்படி தாண்ட மாட்டீங்களாமே, நிஜந்தானா? அப்ப இந்த வண்டி உடைஞ்சது உனக்கு நல்லதுதான். கொஞ்சம் வெயில் படட்டும் மேல.

என்ன, என் காலையே பாக்குற? பாரு, பாரு. துணியைப் பக்கவாட்டுல பிரிச்சு விட்டிருக்கோம்னு எங்களுக்கு உங்க ஊருல ‘தொடைகாட்டி’ன்னு பேர் வெச்சிருக்கீங்களாம். வெச்சுக்கோங்க. ஓடணும்னா கால் வெளிய வந்துதானே ஆகணும்? உன் வயசுல நான் ஆத்தங்கரையில ஓடினா பசங்க மூச்சு வாங்கிப் பின்னால நிப்பானுங்க. இப்பவும் அந்த அத்திமரம் வரைக்கும் உன்னோட பந்தயம் கட்டுறேன், வர்றியா? சிரிக்கிறா பாரு. இந்தக் கண்ணுக்கெட்டின பூமி பூரா என் பேர்ல இருக்கு. புருஷன் பேர்ல இல்ல, என் பேர்ல. தெலெசா நிலம்னு கேட்டா குருடனும் வழி சொல்லுவான்.

அவளை என்னன்னு கேக்கச் சொல்றியா? எதுக்கு? அவ பேரு மிர்த்தா. ஹெலட்டு. நிலத்தோட சேர்ந்த அடிமைங்க இருக்காங்கல்ல, அவங்களை அப்படித்தான் சொல்வோம். அவங்க உழுவாங்க, நாங்க சாப்பிடுவோம், எங்க ஆம்பளைங்க சண்டைக்குப் போவாங்க. போன மாசம் என் வேலைக்காரன் ஒருத்தனைக் கொன்னு போட்டுட்டானுங்க. ஒத்தக்கண்ணன்னு கூப்பிடுவோம். பார்லி அறுக்கிற நேரம். நல்ல வேலைக்காரன். அறுப்பு பாதியில நிக்குது, பாரு அந்தப் பக்கம், குருவி தின்னுது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அதுதான்னா, அது மட்டும் இல்ல.

நீ நாளைக்கு எல்லை தாண்டிடுவ. உங்க ஊருல போய் நீ சொன்னா எவன் நம்பப் போறான்? எங்க ஊரு ஆளுங்க சுருக்கமாப் பேசுவாங்கன்னு கேள்விப்பட்டிருப்ப. அது ஆம்பளைங்களைச் சொன்னது. கேக்க ஆள் இருந்தா நாங்க பேசுவோம். கேக்கத்தான் ஆள் கிடையாது.

அந்த ஒத்தக்கண்ணன் என் மகன்.

அப்படிப் பாக்காத. முழுசாக் கேளு.

உனக்குக் கல்யாணம் எப்படி ஆச்சு? பாட்டு, பந்தம், ஊர்வலம் எல்லாம் இருந்திருக்கும். எனக்குத் தலையை மொட்டை அடிச்சாங்க. ஆம்பளை அங்கி ஒண்ணைப் போட்டு, ஆம்பளைச் செருப்பு மாட்டி, இருட்டுல வைக்கோல் படுக்கையில படுக்க வெச்சாங்க. அவன் வந்தான், போனான். விடியறதுக்கு முன்ன பட்டாளத்துக் கொட்டகைக்குத் திரும்பிப் போயிடணும், அவன் கூட்டாளிங்களுக்கே தெரியக்கூடாது. அப்படியே ஒரு வருஷம். வயித்துல பிள்ளை வந்தப்புறம்தான் ஒரு திருவிழாவுல பகல்ல அவன் மூஞ்சியைப் பார்த்தேன். இவ்வளவு காது பெருசான்னு நினைச்சேன். நல்ல மனுஷன். அவனும் ஒரு சண்டையில போயிட்டான், அது வேற கதை.

பையன் பொறந்தான். அராகஸ்னு பேர் வெச்சோம். பெரியவங்க தூக்கிப் புரட்டிப் பார்த்துட்டு, வளர்க்கலாம்னாங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வாங்க. இங்க அப்படிக் கிடையாது. அழுதா விட்டுடுவோம், அதுவா நிறுத்தும். நிறுத்தினப்புறம்தான் பால். அவன் சீக்கிரம் கத்துக்கிட்டான். ஏழு வயசுல பட்டாளப் பயிற்சிக்குக் கொண்டு போயிடுவாங்க, அதுக்கப்புறம் அவன் ஊர்ப் பிள்ளை. அந்த ஏழு வயசுக்குள்ள நான் அவனுக்குக் கத்துக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். முதுகுல ஒரு விரலை வெச்சு, ‘நிமிரு’ன்னுவேன். சாப்பிடறப்ப, நடக்கிறப்ப, தூங்கப் போறப்ப, ‘நிமிரு’. போற அன்னிக்கும் அதைத்தான் சொன்னேன். நிமிர்ந்துக்கிட்டே போனான், திரும்பிப் பாக்கல. நல்ல பிள்ளை.

அப்புறம் திருவிழாவுல தூரத்துல பாக்குறதுதான். பொண்ணுங்க நின்னு பசங்களைக் கிண்டல் பண்ணிப் பாடுவாங்க, எவன் பயந்தான், எவன் அடி தாங்கலன்னு. இவனைப் பத்திப் பாட அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. அன்னிக்கு எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்னு ஆயிடுச்சு, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் வடக்குச் சண்டை. எங்க பக்கம் தோத்துச்சு. செய்தி வந்தப்ப ஊருல விழா நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊரை அஞ்சு பெரிய அதிகாரிங்க பாத்துக்குறாங்க, எஃபோர்னு சொல்வோம். ஆட்டத்தை நிறுத்தாதீங்கன்னுட்டாங்க அவங்க. செத்தவங்க பேரை அவங்கவங்க வீட்டுல சொல்லி அனுப்பினாங்க, கூடவே ஒரு உத்தரவு. எந்தப் பொம்பளையும் அழக்கூடாது.

அராகஸ் பேரும் வந்துச்சு.

மறுநாள் என்ன செய்வாங்க தெரியுமா எங்க ஊருல? யார் வீட்டுல செத்தாங்களோ அவங்க நல்லாக் குளிச்சு, நல்ல துணி உடுத்தி, சிரிச்ச முகமாத் தெருவுல வருவாங்க. யார் வீட்டுப் பிள்ளை பொழைச்சு வந்தானோ அந்த வீட்டுக்காரங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பாங்க. வெளிய வந்தாலும் சுவரோரமாத் தலை குனிஞ்சு போவாங்க. உங்க ஊருல எல்லாமே தலைகீழ், அதனால உனக்குப் புரியாது.

நான் குங்குமப்பூச் சாயம் போட்ட துணியைக் கட்டினேன். தலைக்கு எண்ணெய் வெச்சேன். எதிர்வீட்டு மெலித்தா இருக்காளே, அவ பத்து வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தது கிடையாது. அவ மகன் உசிரோட வந்துட்டான். அவ வாசல் வழியா மூணு தரம் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. சந்தைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், வேலை இல்லாத இடத்துக்கெல்லாம் போனேன். எல்லாரும் கையைப் பிடிச்சு, ‘பெத்தா உன்னை மாதிரிப் பெறணும் தெலெசா’ன்னாங்க. கன்னம் வலிக்கிற வரைக்கும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கன்னத்தைத் தேய்ச்சு விட்டுக்க வேண்டியதாப் போச்சு.

உள்ள என்ன இருந்துச்சுன்னா கேக்குற? ஒண்ணும் இல்ல. காலிக் குடம் மாதிரி இருந்துச்சு. தட்டினா சத்தம் வரும், அவ்வளவுதான்.

என் மக அகிதாவுக்கு அந்தச் செய்திக்கப்புறம் நல்ல இடத்துல சம்பந்தம் வந்துச்சு. வராம? வீரன் தங்கச்சியாச்சே.

கொஞ்ச நாள் கழிச்சு அறுப்பு பாக்க இங்க வந்தேன். நல்ல வெயில். அந்த அத்திமரத்தடியில ஒருத்தன் நின்னான். மேல கிழிசல் துணி, மூஞ்சியில பாதி இல்ல, ஒரு கண்ணு இருந்த இடத்துல கந்தல் கட்டியிருந்துச்சு. எவனோ பிச்சைக்காரன்னு நினைச்சு நாயை அவுத்து விடச் சொல்லப் போனேன். அப்பதான் அவன் நின்ன நிலை கண்ணுல பட்டுச்சு. முதுகு.

“அம்மா”ன்னான்.

“கேடயம் எங்க?”ன்னேன்.

அதான் நான் முதல்ல கேட்டது. எங்க ஊருல எவளா இருந்தாலும் அதைத்தான் கேப்பா.

சொன்னான். பிணத்துக்கு அடியில கிடந்திருக்கான். எதிரிங்க வந்து இருந்தது எல்லாத்தையும் உருவிட்டுப் போயிருக்காங்க. செத்தவன்னு விட்டுட்டானுங்க. ஒரு ஆட்டுக்காரன் இழுத்துட்டுப் போய் ஆட்டுப்பால் ஊத்தியிருக்கான்.

“நான் ஓடலம்மா.”

“தெரியும்.”

“எஃபோருங்ககிட்டப் போய்ச் சொல்றேன்.”

“யாரு சாட்சி?”

பக்கத்துல நின்னவனெல்லாம் செத்தாச்சு. யாரு சாட்சி சொல்லுவா? உனக்குத் தெரியாது பொண்ணு, தனியாக் கேடயம் இல்லாம வந்தவனுக்கு எங்க ஊருல ‘நடுங்கி’ன்னு பேரு. பாதித் தாடியை மழிச்சு விடுவாங்க. ஒட்டுப்போட்ட துணிதான் கட்டணும். சின்னப் பையன் வந்தா எழுந்து நிக்கணும், எவன் வேணா அடிக்கலாம், திருப்பி அடிக்கக்கூடாது. அவன் வீட்டுப் பொண்ணுங்களை எவனும் கட்ட மாட்டான்.

“அகிதாவுக்கு முடிவாயிருக்கு. அது மட்டும் இல்லடா, நான் சிரிச்சாச்சு. ஊரே பார்த்துச்சு”ன்னேன்.

அவன் அந்த ஒத்தக் கண்ணால என்னைப் பார்த்தான். நான் உள்ள போய் ஒரு நாய்த்தோல் தொப்பியை எடுத்துட்டு வந்து கொடுத்தேன். ஹெலட்டுங்க போடுறது அது. கையில வெச்சுக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் போட்டுக்கிட்டான். சொன்னதைக் கேள்வி கேக்காம செய்யணும்னு சின்ன வயசுலயே பழக்கினது வீண் போகல.

தெரிஞ்சுக்க மாட்டாங்களான்னுதானே? யாரு தெரிஞ்சுக்குவா? எங்க ஆம்பளைங்க எவனும் நிலத்துப் பக்கம் வர மாட்டான். மூஞ்சியும் பாதிதான் இருந்துச்சு. வேற நிலத்துலேருந்து வந்த ஆளுன்னு சொல்லி விட்டேன். அகிதாவுக்குக்கூட இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவளுக்கு ரெண்டு பிள்ளை ஆச்சு.

அவனுக்கு ஏர் ஓட்டத் தெரியல. மாடு ஒரு பக்கம் போகும், இவன் ஒரு பக்கம் போவான். மிர்த்தாதான் கத்துக் கொடுத்தா. அவளுக்கு அப்பப் புருஷன் செத்திருந்தான். இவனைப் பார்த்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா, ‘ஏய் ஒத்தக்கண்ணா, மாட்டை உழச் சொன்னா அதுக்கு அணிவகுப்பு சொல்லிக் கொடுக்கிறியா’ன்னு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே குடிசைன்னு ஆச்சு. நான் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டேன். ஒரு தடவை பன்னி ரத்தமும் காடியும் உப்பும் போட்டுக் கறுப்புச் சாறு காய்ச்சினேன். பட்டாளத்துல அதுதான் அவங்களுக்குத் தினமும். மிர்த்தாகிட்டக் கொடுத்து விட்டேன். ‘இதை எவம்மா குடிப்பான்’னு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனா. கிண்ணம் திரும்பி வந்தப்ப வழிச்சு நக்கியிருந்துச்சு.

ஊருல எனக்கு இருப்பு கொள்ளாது. அறுப்பு, களை, திராட்சைன்னு எதையாவது சொல்லிட்டு இங்கயே வந்துடுவேன். இங்க உட்கார்ந்து அவன் வேலை செய்யறதைப் பார்ப்பேன். ஏழு வயசுக்கப்புறம் அவனைத் தினமும் பார்த்தது அப்பதான். சந்தோஷமா இருந்தேன். சொல்லக்கூடாது, ஆனா இருந்தேன்.

ஒண்ணே ஒண்ணுதான் தொந்தரவு. அவனுக்குக் குனிய வரல. ‘குனிடா’ன்னு சொல்லுவேன். நான் போறப்ப வர்றப்பப் பல்லைக் கடிச்சுக்கிட்டு, ‘குனி’. குனிவான். நாலு எட்டு போறதுக்குள்ள மறந்துடுவான், முதுகு தானா நிமிர்ந்துக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க.

எதுக்குக் குனியணும்னு கேக்குறியா? வருஷா வருஷம் புது எஃபோருங்க வந்து உட்கார்ந்த உடனே ஹெலட்டுங்க மேல சண்டை அறிவிப்பாங்க. அப்புறம் அவங்களைக் கொன்னா பாவம் ஒட்டாது, அதுக்காக. புத்திசாலிப் பசங்களாப் பார்த்துக் கத்தியும் கொஞ்சம் மாவும் கொடுத்து அனுப்புவாங்க. ஒளிஞ்சு திரிஞ்சு, எந்த ஹெலட்டு ஓங்கி வளர்ந்திருக்கான், எவன் நிமிர்ந்து நிக்கிறான்னு பார்த்து முடிச்சுடணும். அது ஒரு பயிற்சி. என் புருஷனும் அந்த வயசுல போனவன்தான். அராகஸும் போனவன்தான். இந்த நிலத்து வாய்க்கால் வழியாத்தான் போயிருப்பான். அவனுக்குத் தெரியாதது இல்ல.

போன மாசம் ஒரு நாள் காலையில ரெண்டு பசங்க வந்தாங்க. கால் எல்லாம் சேறு. “பெரியம்மா, பசிக்குது”ன்னாங்க. ஒருத்தனோட அம்மா என்கூட ஓட்டத்துல ஓடினவ, அப்படியே அவ ஜாடை. இதோ நீ உட்கார்ந்திருக்கியே, இங்கதான் உட்கார வெச்சேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் எல்லாம் வெச்சேன். நல்லாச் சாப்பிட்டானுங்க.

சாப்பிட்டுக்கிட்டே ஒருத்தன் சொன்னான்: “உங்க நிலத்துல ஒருத்தன் ரொம்ப நிமிர்ந்து திரிஞ்சான் பெரியம்மா. வாய்க்கால் திருப்ப வந்தான். பார்த்துக்கிட்டோம்.”

“அப்படியா”ன்னேன்.

“மத்தவனுங்க ஓடுவானுங்க, இல்ல கால்ல விழுவானுங்க. இவன் மண்வெட்டியை இடது கையில கேடயம் மாதிரிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். முதுகையே காட்டல. நெஞ்சுலதான் குத்த வேண்டியதாப் போச்சு. ஹெலட்டுக்கு எங்கேருந்து வந்துச்சு அது?”

இன்னொருத்தன் சொன்னான்: “என்னமோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கிட்டான்.”

சொல்லாதேன்னு நான்தான் சொல்லியிருந்தேன். எவன் கேட்டாலும், என்ன ஆனாலும், யாருன்னு சொல்லாதேன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கத்தியைக் கீழ போட்டிருப்பானுங்க. சொல்லல. சொன்ன பேச்சைக் கேக்கிற பிள்ளை.

நான் சிரிச்சேன். இந்தத் தடவை கன்னம் வலிக்கல.

“ஏன் பெரியம்மா சிரிக்கிறீங்க?”ன்னு கேட்டான் அந்தப் பையன்.

“இன்னும் ரெண்டு பழம் எடுத்துக்கோ”ன்னேன்.

அவங்களை அனுப்பிட்டு வாய்க்காலுக்குப் போனேன். மிர்த்தா எனக்கு முன்னாலயே அங்க இருந்தா. அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டு, சத்தம் வராம, உடம்பு மட்டும் குலுங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பசங்க முடிச்ச ஹெலட்டுக்கு அழுதா அழுதவளையும் முடிச்சுடுவாங்க, அந்தப் பயம். என்னைப் பார்த்ததும் வாயை இறுக்கிப் பொத்திக்கிட்டா.

நான் காயத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் பொய் சொல்லல. முன்பக்கம்தான்.

பக்கத்துல நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. எனக்கு ஒண்ணும் வரல. வரணும்னு பார்த்தேன், நிஜமாவே பார்த்தேன். அவன் பொறந்தப்ப, போனப்ப, பேர் வந்தப்பன்னு எல்லாத்தையும் நினைச்சுப் பார்த்தேன். வரல. எங்க வெச்சேன்னே தெரியல.

“கையை எடு”ன்னேன் அவகிட்ட.

எடுக்கல.

“கையை எடுடி. அழு.”

“அம்மா, வேலைக்காரன் செத்தா அழக்கூடாதும்மா. கேட்டா என்னையும் கொன்னுடுவாங்க.”

“எஜமான் செத்தா அழணும்ல? ஹெலட்டுங்க எல்லாம் வந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழணும்னு எங்க முப்பாட்டன் காலத்துலேருந்து சட்டம் இருக்குல்ல?”

“இருக்கும்மா.”

“அப்ப அழு.”

அவ என்னைப் பார்த்தா. அப்புறம் குனிஞ்சு அவனைப் பார்த்தா, அந்தப் பாதி மூஞ்சியை. மறுபடியும் என் மூஞ்சியைப் பார்த்தா. கையை எடுத்துட்டா.

யப்பா. என்ன குரல்டி அது! அந்த மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு, ‘என் ராசா, என் ராசா’ன்னு. எங்கிட்ட இல்லாததெல்லாம் அவகிட்ட இருந்துச்சு. நான் பக்கத்துல நிமிர்ந்து நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். தொண்டை கட்டிப்போய், “போதுமாம்மா?”ன்னு கேட்டா. “நான் சொல்றப்ப நிறுத்து”ன்னேன்.

நான் இன்னும் சொல்லல.

அதோ தூசி தெரியுது, உன் புருஷனாத்தான் இருக்கும். அந்தத் துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கோ, இல்லன்னா வெயில்ல நின்னேன்னு உன்னைத் திட்டப் போறான். அத்திப்பழம் நாலு எடுத்துட்டுப் போ, வழிக்கு ஆகும். இந்த முன்பக்கமாவே போ, பொண்ணு. கொட்டகைப் பக்கமாப் போகாத. வேத்தாளைப் பார்த்தா அவ நிறுத்திடுவா.